"ஆண்டுக்கு 1 சதவீதம்" என்று முதலில் சொன்னது யார்? முக அழகியல் மாணவர் ஆதாரம் தேடும் வழி

முக அழகியல் படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒரு வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும்: "வயது ஏற ஏறத் தோலில் உள்ள கொலாஜன் ஆண்டுக்கு 1 சதவீதம் குறைகிறது." கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் புரதம். இந்த வாக்கியம் வகுப்பில் காட்டும் ஸ்லைடில் இருக்கும், க்ரீம் விளம்பரத்தில் இருக்கும், ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையிலும் இருக்கும். இத்தனை இடங்களில் பார்த்துவிட்டதால் இதற்கு ஆதாரம் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒருநாள் உட்கார்ந்து துரத்திப் பாருங்கள்.

முன்னுரையில் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு மேற்கோள் எண் இருக்கும். அது உங்களை ஒரு தொகுப்புக் கட்டுரைக்குக் கொண்டுபோகும். அந்தக் கட்டுரையும் தானாக எதையும் அளக்கவில்லை, அதற்கும் முந்தைய இன்னொரு கட்டுரையைக் கைகாட்டும். இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், பல சங்கிலிகள் வந்து முட்டும் இடம் ஒன்று உண்டு. 1975-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி இதழில் ஷஸ்டரும் இரண்டு சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை அது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பத் தோலின் தடிமனும் கொலாஜனும் எப்படி மாறுகின்றன என்று அளந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது முகத்தோலை அல்ல, முன்கையின் தோலை.

கை எந்தக் கட்டுரையில் முகமாக மாறியது என்று கண்டுபிடிப்பது கடினம். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் சுருக்கி எழுதினார்கள், அவ்வளவுதான். அதே கட்டுரையில் இருந்த இன்னொரு முடிவு, அதாவது எல்லா வயதிலும் பெண்களின் தோலில் ஆண்களைவிடக் கொலாஜன் குறைவு என்பது, இந்தச் சுருக்கலில் காணாமலே போய்விட்டது.

நம்பகமான ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஓர் இணையதளத்தின் பெயரையோ இதழின் பெயரையோ பதிலாக எதிர்பார்க்கிறார்கள். ஷஸ்டரின் கட்டுரை நல்ல இதழில் வந்த நல்ல கட்டுரைதான். முன்கையைப் பற்றிய கேள்விக்கு அது உறுதியான ஆதாரம். கன்னத்தைப் பற்றிய கேள்விக்கு அவ்வளவு உறுதி இல்லை. யாரை, எதை, எப்படி அளந்தார்கள் என்பது நம் கேள்வியோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் இதழின் பெயரை மட்டும் பார்த்துப் பயனில்லை.

கடையும் வகுப்பும் ஒரே கட்டடத்தில்

இந்தத் துறையில் ஆதாரம் தேடுவது மற்ற மருத்துவத் துறைகளைவிடக் கொஞ்சம் சிக்கலானது. மருந்தையும், தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தி நிரப்பும் ஃபில்லரையும் தயாரிக்கும் நிறுவனங்களே பயிற்சி வகுப்பும் நடத்துகின்றன, மாநாட்டுக்கும் பணம் கொடுக்கின்றன, பெரிய சோதனைகளின் செலவையும் ஏற்கின்றன. அழகு சிகிச்சைக்குப் பொதுப்பணத்தில் ஆய்வு நடப்பது அரிது. அதனால் நிறுவனப் பணம் தொட்ட கட்டுரைகளையெல்லாம் ஒதுக்கிவிடுவேன் என்று கிளம்பினால் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டுலினம் நச்சின் (போடாக்ஸ் அதன் ஒரு பிராண்டு) கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸும் தோல் மருத்துவர் அலஸ்டேர் கருதர்ஸும் புருவ நடுவில் விழும் கோபக் கோடுகளுக்கு இதைப் பயன்படுத்தி 1992-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருந்தவர்கள் 18 பேர். இன்றைய அளவுகோலில் அது மிகச் சிறிய ஆய்வு. ஆனாலும் சரியான திசையைக் காட்டியது. பிறகு நிறுவனச் செலவில் பெரிய சோதனைகள் நடந்தன, 2002-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தது. 2021-ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு முகச் சுருக்கங்களுக்கான இந்த நச்சைப் பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது 65 சோதனைகள், 14,919 பங்கேற்பாளர்கள் என்று கணக்கு வந்தது. வெறும் மருந்தற்ற ஊசியோடு ஒப்பிட்டால் சுருக்கம் குறைகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே ஆய்வு, எல்லா அம்சங்களிலும் சார்பு அபாயம் (முடிவு ஒரு பக்கம் சாயும் வாய்ப்பு) குறைவு என்று சொல்லத்தக்க ஒரு சோதனைகூட அந்த 65-ல் இல்லை என்றும் பதிவுசெய்தது. இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுபவர்தான் அந்த ஆய்வைப் படித்தவர். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதுபவர் ஏதோ ஒரு வகுப்பில் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பணம் எப்போது முடிவையே மாற்றுகிறது என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. குடிக்கும் கொலாஜன் பொடிகளைப் பற்றி 2025-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 23 சோதனைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் தோலின் ஈரப்பதம், நெகிழ்வு, சுருக்கம் எல்லாமே மேம்படுவதாகத் தெரிந்தது. பிறகு அதே சோதனைகளை, யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்த்து இரண்டாகப் பிரித்தார்கள். நிறுவனப் பணம் பெற்ற சோதனைகளில் பலன் இருந்தது. பெறாதவற்றில் இல்லை. தரம் உயர்ந்த சோதனைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதும் பலன் காணாமல் போனது. இது அந்தப் பொடியைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. கூட்டுத் தொகையை மட்டும் படித்துவிட்டு மூடிவைப்பவருக்கும், உட்பிரிவு அட்டவணை வரை போகிறவருக்கும் ஒரே கட்டுரையிலிருந்து எதிரெதிர் முடிவுகள் கிடைக்கும்.

அதனால் நான் ஒரு கட்டுரையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவேன். நிதி எங்கிருந்து வந்தது, எழுதியவர்களில் யார் எந்த நிறுவனத்துக்கு ஆலோசகர், பங்கு வைத்திருப்பவர் யார் என்பதெல்லாம் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படித்த கையோடு முடிவுரையைப் படித்தால் எந்தச் சொல் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

கேள்வி மாறினால் ஆதாரமும் மாறும்

சமவாய்ப்பு முறையில் ஆட்களைப் பிரித்து நடத்தும் சோதனைதான் உயர்ந்தது, நோயாளி ஒருவரைப் பற்றிய அறிக்கை தாழ்ந்தது என்று ஒரு பிரமிடு படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். 'இந்தச் சிகிச்சை வேலை செய்கிறதா' என்ற கேள்விக்கு அது சரி. வேறு கேள்விக்கு அந்தப் பிரமிடைத் தூக்கிக்கொண்டு போனால் தடுமாற வேண்டியதுதான்.

முகத்தின் உடற்கூறைப் பற்றிய கேள்விக்குச் சமவாய்ப்புச் சோதனை என்று ஒன்று இருக்கவே முடியாது. ரோரிக்கும் பெஸ்ஸாவும் 2007-ல் பிளாஸ்டிக் அண்ட் ரீகன்ஸ்ட்ரக்டிவ் சர்ஜரி இதழில், முகக் கொழுப்பு ஒரே விரிப்பாக இல்லாமல் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். அதற்கு அவர்கள் செய்தது, சடலங்களின் 30 அரைமுகங்களில் சாயம் செலுத்தி, அது எங்கே போய் நிற்கிறது என்று அறுத்துப் பார்த்ததுதான். இன்று கன்னத்தில் ஃபில்லர் வைப்பதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வரைபடத்தை வைத்துத்தான் நடக்கிறது. பிரமிடில் இதற்கு இடமே இல்லை, ஆனாலும் இதைவிட்டால் வேறு வழி இல்லை. சடலம் பேசாது, சிரிக்காது, எழுந்து உட்காராது என்ற வரம்பை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய கேள்வியில் நிலைமை கிட்டத்தட்டத் தலைகீழ். ஃபில்லர் ஊசி ரத்தக்குழாய்க்குள் போய், விழித்திரைக்குச் செல்லும் ஓட்டத்தை அடைத்துப் பார்வை போவது மிக அரிதான விபத்து. சில நூறு பேரை வைத்து நடத்தும் சோதனையில் அது ஒருமுறைகூட வராமல் போகலாம். அப்படி வராததைக் காட்டி 'பாதுகாப்பானது' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு, பிரமிடின் அடியில் கிடக்கும் ஒற்றை நோயாளி அறிக்கைகள்தான் பொக்கிஷம். பெலஸ்னேயும் சக மருத்துவர்களும் உலகம் முழுக்க அச்சான அறிக்கைகளைத் திரட்டி 2015-ல் 98 பார்வை இழப்புகளைப் பட்டியலிட்டார்கள். 2019-ல் வந்த அதன் தொடர்ச்சியில் மேலும் 48 சேர்ந்து 146 ஆனது.

இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். முதல் கட்டுரையில் அதிகம் காரணமாக இருந்தது நோயாளியின் உடலிலிருந்தே எடுத்துச் செலுத்திய கொழுப்பு, கிட்டத்தட்டப் பாதி. ஜெல் வடிவ ஹையலுரானிக் அமில ஃபில்லர் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. இரண்டாவது கட்டுரையின் புதிய 48 பேரில் ஹையலுரானிக் அமிலம் 81 சதவீதம். இடமும் மாறியது. முதலில் புருவ நடு முன்னணியில் இருந்தது, பிறகு மூக்கு முந்திக்கொண்டது. 2015 கட்டுரையை மட்டும் படித்துவிட்டு, கொழுப்பு ஊசிதான் ஆபத்து, ஜெல் ஓரளவு பரவாயில்லை என்று ஒரு மாணவர் எழுதினால், அவர் காட்டும் ஆதாரம் உண்மையானது, இதழ் நல்லது, மேற்கோளும் சரியானது. முடிவுதான் காலாவதியானது. இன்னொரு பக்கம், 81 சதவீதம் என்பதை வைத்து ஹையலுரானிக் அமிலம்தான் மிக ஆபத்தான பொருள் என்று எழுதினாலும் தப்பு. எத்தனை பேருக்கு எந்தப் பொருளைச் செலுத்தினார்கள் என்ற மொத்தக் கணக்கு இந்த அறிக்கைகளில் கிடையாது. அதிகம் பயன்படும் பொருள் விபத்துப் பட்டியலிலும் அதிகம் வரத்தானே செய்யும். பின்னத்தின் மேல் எண் இருக்கிறது, கீழ் எண் இல்லை. வகுக்க முடியாது.

மூன்றாவது வகைக் கேள்வி, எது அழகான முகம் என்பது. பொன் விகிதம் என்ற 1.618 கணக்கு, அதை வைத்து வரைந்த முகமூடி, முகத்தை மூன்றாகவும் ஐந்தாகவும் பிரிக்கும் கோடுகள் என்று பார்க்க அறிவியல் மாதிரியே தெரியும் பொருள்கள் இங்கேதான் நிறைய. ஃபார்காஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1985-லேயே, ஓவியர்கள் வகுத்த பழைய விகித விதிகளை வட அமெரிக்க வெள்ளையின இளைஞர்களின் முகத்தில் அளந்து பார்த்து, பல விதிகள் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டார்கள். பொன் விகித முகமூடியைப் பற்றி 2008-ல் ஈஸ்தெட்டிக் பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் வந்த விமர்சனம், அது ஃபேஷன் மாடல்களின், கொஞ்சம் ஆண்சாயல் கொண்ட வெள்ளையினப் பெண் முகங்களைத்தான் காட்டுகிறது, மற்ற இனத்தவருக்குப் பொருந்தாது என்றது. ஆனாலும் முகமூடி ஓய்வு பெறவில்லை. படமாகப் போட்டுக் காட்ட வசதியான கருத்து அவ்வளவு சீக்கிரம் சாகாது.

படம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று: 'முன்-பின்' புகைப்படம் ஆதாரமாகாது. முகத்துக்கு 12 அங்குலம் தள்ளி எடுத்த செல்ஃபியில், 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் வந்த ஒரு கட்டுரை கணக்கிட்டுக் காட்டியது. கேமராவைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாலே மூக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த மாதிரிதான்! கட்டுரைக்குள் வரும் படமாக இருந்தாலும் தூரம், வெளிச்சம், முகபாவம் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். முன்னேற்றத்தை மதிப்பிட்டவர் ஊசி போட்ட மருத்துவரேவா, எந்தச் சிகிச்சை என்று தெரியாத மூன்றாம் ஆளா என்பதையும் பாருங்கள்.

தேடும் இடங்கள்

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் என்ற கட்டுரைத் தேடுதளம் 1996-லிருந்து இருக்கிறது, இலவசம். மாணவர்கள் அங்கே போய் 'போடாக்ஸ்' என்று தட்டிவிட்டு, வந்த பல்லாயிரம் முடிவுகளில் முதல் பக்கத்தை மட்டும் படிக்கிறார்கள். பப்மெட்டில் மெஷ் என்ற பொருள் தலைப்பு முறை உண்டு. கட்டுரையாளர் என்ன சொல்லைப் பயன்படுத்தினாலும், விஷயம் ஒன்றானால் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். ஃபேஸ்லிஃப்ட் என்று நாம் சொல்வதை அது ரைட்டிடோபிளாஸ்டி என்ற பெயரில் வைத்திருக்கிறது. டெர்மல் ஃபில்லர்ஸ், காஸ்மெட்டிக் டெக்னிக்ஸ், ஸ்கின் ஏஜிங் ஆகியவையும் அப்படிப்பட்ட தலைப்புகள். இந்த நாலைந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் தேடும் நேரம் பாதியாகிவிடும். மிகப் புதிய கட்டுரைகளுக்குத் தலைப்பு ஒட்டச் சில நாளாகும் என்பதால் சாதாரணச் சொல்லையும் சேர்த்துத் தேட வேண்டும்.

பிராண்டு பெயரில் தேடுவதில் இன்னொரு ஆபத்து அளவு. புருவ நடுக் கோடுகளுக்கு அமெரிக்க அனுமதி பெற்ற அளவு போடாக்ஸுக்கு 20 யூனிட், டிஸ்போர்ட்டுக்கு 50 யூனிட். இரண்டும் ஏ வகை நச்சுதான். ஆனால் ஒன்றின் யூனிட்டை மற்றொன்றின் யூனிட்டாக மாற்றிக்கொள்ளக் கூடாது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2009-ல் எஃப்டிஏ ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஓனாபோட்டுலினம்டாக்ஸின்ஏ, அபோபோட்டுலினம்டாக்ஸின்ஏ என்று வெவ்வேறு பொதுப்பெயர் கொடுத்தது. ஒரு கட்டுரை வெறுமனே 'நச்சு 20 யூனிட்' என்று எழுதி எது என்று சொல்லாமல் விட்டால், அந்தக் கட்டுரையை நான் அங்கேயே மூடிவிடுவேன்.

பலருக்குத் தெரியாத ஓர் இடம் எஃப்டிஏவின் சொந்தக் கோப்புகள். அமெரிக்கச் சட்டப்படி ஃபில்லர் ஒரு மருந்து அல்ல, மருத்துவக் கருவி. அதனால் ஒவ்வொரு ஃபில்லருக்கும் கருவிகள் பிரிவில் பாதுகாப்பு, பலன் பற்றிய ஒரு சுருக்க ஆவணம் இலவசமாகக் கிடக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், எத்தனை பேருக்கு வீக்கம், எத்தனை நாள் இருந்தது என்று இதழில் இரண்டு வரியில் முடிந்த விஷயம் அங்கே பக்கம் பக்கமாக அட்டவணையில் இருக்கும். படிக்கச் சலிப்புதான். ஆனால் விளம்பரத் தாளில் '90 சதவீதம் பேர் திருப்தி' என்ற மாதிரி ஒரு வரி வந்தால் அது எந்தக் கேள்விக்கு, எத்தனையாவது மாதத்தில், எத்தனை பேர் சொன்ன பதில் என்று சரிபார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கருவிகளால் வந்த பாதிப்புப் புகார்களுக்கும் அவர்களிடம் மாட் என்ற தனித் தரவுத்தளம் இருக்கிறது. அங்கும் மொத்தக் கணக்கு கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

கூகுள் ஸ்காலர் எதற்கு என்றால், முன்னோக்கிப் போவதற்கு. ஒரு பழைய கட்டுரையை யார் யார் பின்னால் மேற்கோள் காட்டினார்கள் என்று ஒரே சொடுக்கில் காட்டும். 2015 பட்டியலிலிருந்து 2019 பட்டியலுக்கு இப்படித்தான் போய்ச் சேர முடியும். மற்றபடி அது நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும்.

கெட்டது என்று நான் சொல்வது காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களை. 2013-ல் சயன்ஸ் இதழுக்காக ஒரு பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையை, யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்தநிலை இதழ்கள் 304-க்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பெயரைக் கேட்டால் மதிப்பான இதழ் மாதிரியே இருக்கும், அதுதான் தொல்லை. டிஓஏஜே என்ற திறந்தநிலை இதழ்களின் பட்டியலில் இருக்கிறதா, பப்மெட்டுக்குள் இதழ்களைத் தரம் பார்த்துச் சேர்க்கும் மெட்லைன் தேர்வில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் சல்லடை. பப்மெட்டில் வந்துவிட்டதாலேயே ஓர் இதழ் மெட்லைனின் தேர்வைத் தாண்டிவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு வழியிலும் கட்டுரைகள் அங்கே வந்து சேரும்.

நல்ல பதிப்பகத்தின் பெயரும் முழுக் காப்பு அல்ல. வைலி நிறுவனத்துக்குச் சொந்தமான ஹிந்தாவி பதிப்பகம் 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற கட்டுரையின் பிடிஎஃப் உங்கள் கணினியில் பழையபடியே சிரித்துக்கொண்டிருக்கும், யாரும் வந்து அழிக்க மாட்டார்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளம் 2023-லிருந்து கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஸொட்டேரோ மென்பொருளில் மேற்கோள்களைச் சேர்த்து வைத்தால் அதுவே எச்சரிக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மேற்கோள் கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அது தரும் டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) உலாவியில் போட்டுத் திறந்து பாருங்கள். உண்மையான ஆசிரியர்கள், உண்மையான இதழ், நம்பும்படியான தலைப்பு எல்லாம் சேர்ந்து, இல்லாத ஒரு கட்டுரையாக வந்து நிற்கும். வேறு ஏதோ சிறுநீரகக் கட்டுரை திறந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அப்புறம், பூட்டிய கட்டுரைகள். இந்தத் துறையின் முக்கிய இதழ்கள் பல, கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கின்றன. சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. 'முன்கை' என்ற சொல் எழுதி எழுதித் தொலைந்துபோனதில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம். பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரை இலவசமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொண்டால், சட்டப்படி இலவசமாக எங்காவது ஒரு பிரதி இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். அதிலும் கிடைக்காவிட்டால், கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நான் மாணவர், இன்ன கேள்விக்காக உங்கள் கட்டுரை தேவைப்படுகிறது என்று மூன்று வரி எழுதினால் போதும். தன் கட்டுரையை ஒருவர் முழுதாகப் படிக்க விரும்புகிறார் என்பதே பல ஆசிரியர்களுக்குப் பெரிய சந்தோஷம். கேட்ட கட்டுரையோடு கேட்காத இன்னும் இரண்டும் சேர்ந்து வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.